இலக்கியச் சான்றும் அரசியல் முடிவும்: ‘செவ்வந்தியும் வாளும்’ பற்றி ஒரு திறனாய்வு

இலக்கியத்தைக் கொண்டு ஒரு நாட்டு மக்களின் வாழ்வை அறியலாம் என்பது நம் துறையில் நெடுங்காலமாக வழங்கிவரும் கொள்கை. புறநானூறு பழந்தமிழர் வரலாற்றுக்குச் சான்று என்கிறோம். பட்டினப்பாலை கடல் வாணிகத்திற்குச் சான்று என்கிறோம். அவ்வாறு கூறுவதில் நாம் பிழைபட்டால் விளைவது பெரும்பாலும் மற்றொரு கட்டுரையே. மறுப்பு ஒன்று எழும், அம்மறுப்பிற்கு மறுப்பு எழும், அவ்வளவில் அமையும். ஆனால், இலக்கியத்தைப் படித்து ஓர் அறிஞர் கூறும் முடிவை ஓர் அரசு எதிர்நோக்கி நிற்குமாயின், அதுவும் போர்க்களத்தில் தன்னை எதிர்த்து நிற்கும் ஆசிய நாடொன்றைப் பற்றிய முடிவாக அஃது இருக்குமாயின், படிக்கும் முறையில் நேரும் பிழை சிறு பிழை ஆகாது. அத்தகைய நிலையில் எழுந்த நூல் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ரூத் பெனடிக்ட் என்னும் அமெரிக்க மானிடவியல் பேராசிரியர் எழுதி 1946ஆம் ஆண்டில் வெளிவந்த ‘செவ்வந்தியும் வாளும்’ என்பதே அந்நூல். மானிடவியலார் அதனைப் பலமுறை ஆராய்ந்துள்ளனர். இலக்கியம் பயின்றவன் ஒருவன் அதனைப் படித்தால் என் காண்பான் என்பதே என் வினா.

பெனடிக்ட் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பிரான்ஸ் போவாஸ் என்பாரின் மாணவியாக இருந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராக அமர்ந்தவர். 1934இல் அவர் வெளியிட்ட பண்பாட்டு நூல் அவர் பெயரை உலகறியச் செய்தது. 1943இல் அமெரிக்க அரசின் போர்ச் செய்தித் துறையில் பணி ஏற்றார். 1944 சூன் திங்களில் ஜப்பானியரைப் பற்றி ஆராயுமாறு பணிக்கப்பட்டார். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அந்நாட்டை அவர் கண்டதில்லை. போர் நடக்குங்கால் காணவும் இயலாது. ஆகவே, மொழிபெயர்ப்பில் கிடைத்த நூல்கள், ஜப்பானியத் திரைப்படங்கள், சிறைப்பட்ட வீரர்களின் வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய மரபினரின் கூற்றுகள் ஆகியவற்றையே கருவியாகக் கொண்டார். அரசுக்கு அவர் அளித்த அறிக்கை 1945 செப்டம்பரில் முடிந்தது. அதனை விரித்து எழுதியதே நூல். 1948இல் அது ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டது. அந்நாட்டில் இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று என்பர். பகைவர் நாட்டார் தம்மைப் பற்றி எழுதியதை ஒரு மக்களினம் இத்துணை ஆர்வத்தோடு படித்தது அரிய நிகழ்ச்சியே.

குறை கூறப் புகுமுன் நூலின் பெருமையைக் கூறிவிடுதல் முறை. போர்க்காலத்து அமெரிக்கச் செய்தித்தாள்கள் ஜப்பானியரை மனிதராகவே எண்ணாது எழுதிய காலம் அது. அந்நிலையில், பகைவரின் செயல்களுக்கு அவர்தம் வாழ்க்கையில் ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும், அவ்வொழுங்கை உள்ளிருந்து அறிய முடியும் என்று ஒருவர் அரசின் முன் நின்று கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். சிறைப்பட்ட வீரர்களைப் பற்றிய பகுதி இன்றும் வலிமை குன்றாதது. அவ்வீரர்கள் தம் அரசைக் குறை கூறினர்; படைத்தலைவரைக் குறை கூறினர்; பேரரசரை மட்டும் குறை கூறவில்லை. பேரரசரைப் பழித்துப் பரப்புரை செய்தலால் பயனில்லை என்னும் முடிவிற்கு இது போதிய சான்று. உயிரோடு இருந்த மனிதர் வாய்விட்டுக் கூறியது. பலர் ஒருபடித்தாகக் கூறியது. இங்கே ஆசிரியர் காலூன்றி நிற்கும் நிலம் உறுதியானது.

நூலின் நடு இயல்கள் அத்தகையன அல்ல. அங்கே அவர் இலக்கியத்தைச் சான்றாகக் கொள்கிறார். அவர் காட்டும் ஜப்பானிய வாழ்வின் அச்சு, கடன் என்னும் ஒரு கருத்து. பிறரிடம் பெற்ற நன்மை ‘ஓன்’ எனப்படும். அது பெற்றவன்மேல் சுமையாக ஏறும். அச்சுமையில் பேரரசர்க்கும் பெற்றோர்க்கும் பட்ட கடன் எஞ்ஞான்றும் அடைத்துத் தீராதது. ஏனையோர்க்குப் பட்ட கடன் அளவறிந்து, காலமறிந்து, பெற்ற அளவிற்கே அடைக்கப்படுவது. அதற்கு ‘கிரி’ என்று பெயர். தமிழ் படித்தவர்க்கு இவை அயல் கருத்துகள் போலத் தோன்றா. செய்ந்நன்றி அறிதல் நமக்கு ஓர் அதிகாரம். செஞ்சோற்றுக் கடன் என்பது கன்னன் கதையை ஒட்டி நாட்டுப்புறத்திலும் வழங்கும் தொடர். அதனாலேயே, இந்நூலை நம்மவர் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தானே தோன்றுகிறது. குறளின் ஓர் அதிகாரத்தையும் கன்னன் கதையையும் மட்டும் மொழிபெயர்ப்பில் படித்த ஒருவர், தமிழர் சோறிட்டவனை எந்நிலையிலும் விட்டு நீங்கார் என்று தம் அரசுக்கு அறிக்கை எழுதினால் நாம் அதனை என்னென்போம்?

ஐந்தாம் இயலில் அவர் எடுத்தாளும் ஒரு சான்றைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். நட்சுமே சோசெகி 1906இல் எழுதிய ‘போட்சான்’ என்னும் புதினத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி அது. டோக்கியோவில் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் தொலைவிலுள்ள சிற்றூர்ப் பள்ளிக்குக் கணக்காசிரியனாகச் செல்கிறான். உடன் பணியாற்றுவோர்க்கெல்லாம் தனக்குள் பட்டப்பெயர் இட்டுக்கொள்கிறான். முள்ளம்பன்றி என்று அவன் பெயரிட்ட ஆசிரியர் ஒருநாள் அவனுக்குப் பனிநீர் வாங்கிக் கொடுக்கிறார். விலை ஒன்றரை சென். பின்னர், அம்முள்ளம்பன்றி தன்னைப் பழித்ததாகச் செஞ்சட்டை என்னும் மற்றோர் ஆசிரியர் வாயிலாகக் கேள்விப்படுகிறான். பழித்தவனுடைய தண்ணீர்க் கடன் தன்மேல் இருத்தலாகாது என்று கொதிக்கிறான். மறுநாள் ஒன்றரை சென்னைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைக்கிறான். பெனடிக்ட் இந்த அளவில் கதையை நிறுத்துகிறார். இத்துணைச் சிறியதொன்றில் இத்துணைக் கொதிப்பு அமெரிக்காவில் முரட்டு இளைஞர் கூட்டத்திலோ மனநோயாளரிடத்திலோதான் காணப்படும், ஜப்பானிலோ இதுவே அறம் எனப்படுகிறது என்ற கருத்தில் முடிவு கூறுகிறார்.

புதினத்தை முதலிலிருந்து படிப்பவர்க்கு இம்முடிவு வியப்பளிக்கும். கதையைத் தானே கூறிச்செல்லும் அவ்விளைஞன், தான் பிறவியிலேயே முன்பின் எண்ணாதவன் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறான். யாரோ ஏளனம் செய்ததற்காகப் பள்ளி மாடியிலிருந்து குதித்தவன் அவன். கத்தி கூரியதன்று என்று ஒருவன் கூறியதற்காகத் தன் கட்டைவிரலையே வெட்டிக் காட்டியவன். சோசெகி அவனை நம் முன் நிறுத்துவது நாம் அவனை விரும்புவதற்காகவும் அவனைக் கண்டு நகைப்பதற்காகவும் ஆகும். ஒன்றரை சென்னுக்கு அவன் கொள்ளும் பெருஞ்சினம் நகைச்சுவை. அந்நகை ஜப்பானியர்க்கும் நகையே. தன் நாட்டு அறத்தைப் படிப்பவர் உளம் கொள்ள எழுதிய பகுதியாக இதனைக் கொள்வது, நம் கூத்தில் கட்டியங்காரன் கூறும் சூளுரையைத் தமிழர் அறநூலில் சேர்ப்பதை ஒக்கும். பெனடிக்ட் இளமையில் வேறு பெயரில் கவிதை எழுதி வெளியிட்டவர். கவிஞர் ஒருவருக்குக் குரலின் ஏற்ற இறக்கம் செவியில் விழாமற் போனது மொழிபெயர்ப்பின் குறையோ, அரசுப்பணியின் அவசரமோ, அறியேன்.

இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. பனிநீர்க் கடனை எண்ணி அவன் கொதிக்கும் அதே இடத்தில் மற்றொரு கடனையும் சோசெகி நினைவூட்டுகிறார். வீட்டு முதிய பணிப்பெண் கியோவிடம் அவன் மூன்று யென் பெற்றிருந்தான். ஐந்தாண்டு ஆகியும் அதனைத் திருப்பவில்லை. திருப்பும் எண்ணமும் இல்லை. கியோ தனக்கு அயலாள் அல்லள் என்பதே காரணம். மூன்று யென் ஒன்றரை சென்னைப்போல் இருநூறு மடங்கு. ஆகவே, கதையில் பேசப்படுவது கடனின் அளவன்று. யாரிடம் பட்ட கடன் கடனாகத் தோன்றுவதில்லை என்பதே. மற்றொன்று அக்காசின் முடிவு. முள்ளம்பன்றி அதனை எடுத்துக்கொள்ள மறுக்கிறார். இவனும் திரும்ப எடுக்க மறுக்கிறான். காசு மேசைமேல் தூசி படிந்து கிடக்கிறது. பின்னர் முள்ளம்பன்றி நல்லவர், செஞ்சட்டையே வஞ்சகர் என்பது தெரிந்ததும், அவன் அக்காசை எடுத்துத் தன் பையில் இட்டுக்கொள்கிறான். கடன் மீண்டும் அவன்மேல் ஏறுகிறது. அதனை மகிழ்ந்து ஏற்கிறான். பெனடிக்ட் நிறுத்திய இடத்திற்கு அப்பால் கதை இவ்வாறு செல்கிறது. கடனைச் சுமையாக மட்டும் காணும் கொள்கைக்கு இம்முடிவு இசையாது.

நாற்பத்தேழு வீரர் கதையையும் அவர் இவ்வாறே கையாள்கிறார். தம் தலைவனின் சாவுக்குப் பழிவாங்கி, தாமும் ஆணையின்படி வயிற்றைக் கிழித்து மாண்ட அவ்வீரரின் செயல் 1701 முதல் 1703 வரை நடந்தது. 1748இல் அது ‘சூஷின்குரா’ என்னும் நாடகமாயிற்று. பெனடிக்ட் இதனை ஜப்பானிய மக்களின் பெருங்கதை என்று போற்றி, அவர்தம் அறவுணர்வின் திரண்ட வடிவமாகக் காட்டுகிறார். ஆனால், வீரர்கள் மாண்ட காலத்திலேயே அச்செயல் அறமோ அன்றோ என்று ஜப்பானிய அறிஞர் வாதிட்டனர். சட்டோ நவோகட்டா அதனைப் பழித்தார். அசாமி கெய்சாய் அதனைப் போற்றினார். இருவரும் ஒரே ஆசிரியரிடம் பயின்ற கன்பூசிய நெறியினர். ஒரு நாட்டார் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கதையைப் பற்றி வாதிட்டுவந்தனரோ அந்தக் கதையை அவர்தம் ஒருமித்த கருத்துக்குச் சான்றாக்குவது எவ்வாறு பொருந்தும்? பெருங்கதை ஒரு மக்களினத்தின் விடையைக் காட்டுவதைவிட அவர்களின் ஐயத்தையே மிகுதியாகக் காட்டும். கண்ணகி மதுரையை எரித்ததைக் குறித்து நம்மிடையே ஒரே கருத்தா நிலவுகிறது?

நாணத்தைப் பற்றிய பகுதியும் அத்தகையதே. மேனாட்டார் உள்ளத்துக் குற்றவுணர்வால் ஒழுகுபவர், ஜப்பானியர் பிறர் காண்பரே என்னும் நாணத்தால் ஒழுகுபவர் என்னும் பாகுபாடு இந்நூலால் பெரும்புகழ் பெற்றது. இன்றும் ஆசிய நாடுகளைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. திருக்குறளில் நாணுடைமை ஓர் அதிகாரம். அதனை மட்டும் படித்தால் தமிழரும் நாணத்தால் ஒழுகும் இனத்தவரே. வாய்மை அதிகாரத்தையும் கூடாவொழுக்க அதிகாரத்தையும் படித்தால், பிறர் அறியாவிடினும் ஒருவனைச் சுடுவது அவன் நெஞ்சே என்னும் கருத்து அங்கே இருக்கிறது. ஒரே நூலில் இரண்டும் உள்ளன. எந்த ஏட்டைத் திறந்தோம் என்பதைப் பொறுத்து ஓர் இனத்தின் இயல்பு மாறுமாயின், குறை இனத்தில் இல்லை.

அவர் கேட்டறிந்த மாந்தரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 1942 பிப்ரவரியில் அமெரிக்கத் தலைவர் இட்ட ஆணையின் விளைவாக ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட ஜப்பானிய மரபினர் தம் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அரிசோனாவிலிருந்த போஸ்ட்டன் முகாமில் மனநூல் மருத்துவர் அலெக்சாண்டர் லெய்ட்டன் ஓர் ஆய்வுக்குழுவை நடத்தினார். பின்னர் அவர் தலைமையில் வாஷிங்டனில் இயங்கிய பிரிவில்தான் பெனடிக்ட் பணியாற்றினார். அவருக்குச் சொற்பொருள் விளக்கிய ஜப்பானிய மரபின் உதவியாளர் ஒருவர் 1930களில் ஜப்பானியப் பள்ளியில் பயின்றவர். பேரரசர்க்குப் பட்ட கடன் என்பதை நாள்தோறும் மாணவர் வாயில் ஏற்றிய காலம் அது. இதனைப் பிற்காலத்தில் டக்ளஸ் லம்மிஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டி, பெனடிக்ட் கண்டது ஒரு நாட்டின் பண்பாடன்று, ஒரு பத்தாண்டின் அரசு கற்பித்த பாடமே என்று வாதிட்டார். என் கருத்தில் லம்மிஸ் கூறுவது சற்று மிகை. கடனைப் பற்றிய சொற்களை அரசு படைக்கவில்லை. முன்னரே இருந்தவற்றை எடுத்துத் தனக்கு ஏற்ப இறுக்கியது. ஆயினும், மரபு எது, இறுக்கம் எது என்று பிரித்தறிய வேண்டியது ஆய்வாளர் கடமை. அதனைச் செய்வதற்குப் பழைய நூலும் புதிய நூலும் கால வரிசைப்படி நிறுத்தப்பட வேண்டும். பெனடிக்டின் பக்கங்களில் 1748இன் நாடகமும் 1882இன் படைவீரர் அரசாணையும் 1906இன் புதினமும் ஒரே நாளில் எழுதப்பட்டவை போல ஒன்றாக நிற்கின்றன. நம் மாணவர் ஆய்வேடுகளில் புறநானூறும் பெரியபுராணமும் அடுத்தடுத்த வரிகளில் சான்றாக வருவதை நான் பலமுறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். என் சொந்த ஆய்வேட்டிலும் அப்பிழை ஓரிடத்தில் இருக்கிறது.

இனி, இந்நூல் அரசின் முடிவை மாற்றியதா என்னும் வினா. பேரரசர் பதவி நிலைத்தது பெனடிக்டின் அறிவுரையால் என்று கூறுவோர் உளர். காலக் கணக்கு இதற்கு இடந்தரவில்லை. ஜப்பான் பணிந்ததைப் பேரரசர் வானொலியில் அறிவித்தது 1945 ஆகஸ்டு 15. பெனடிக்டின் அறிக்கை முடிந்தது அதற்கடுத்த திங்களில். நூல் வெளிவந்த 1946இன் இறுதியில், பேரரசரை நாட்டின் சின்னமாக வைத்த புதிய அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. நூலின் கடைசி இயல் நடந்துகொண்டிருந்த ஆட்சிமுறையைப் போற்றுகிறது; வழிகாட்டவில்லை. அப்பிரிவின் ஏனைய குறிப்புகள் முன்னரே மேலிடத்திற்குச் சென்றன என்பது உண்மை. ஆனால் லெய்ட்டனே 1949இல் தம் அனுபவத்தை எழுதியபோது, ஆட்சியாளர் ஆய்வைத் தாம் சாய்ந்துகொள்ளத் தேடினரேயன்றி வெளிச்சத்திற்காகத் தேடவில்லை என்ற கருத்துப்பட மனம் நொந்து குறித்துள்ளார்.

அப்படியாயின் முடிவு எடுத்தவர் எதனைப் படித்திருந்தனர்? தளபதி மக்கார்தரின் துணைவராக இருந்த பானர் பெல்லர்ஸ் என்பவர் 1945 அக்டோபர் 2ஆம் நாள் பேரரசரை விசாரணைக்கு உட்படுத்தலாகாது என்று குறிப்பெழுதினார். இவர் இளமை முதல் லாப்கேடியோ ஹெர்ன் நூல்களில் ஈடுபட்டவர். ஹெர்ன் ஜப்பானில் குடியேறி, அந்நாட்டுப் பழங்கதைகளை ஆங்கிலத்தில் இனிய நடையில் எழுதி 1904இல் மறைந்த எழுத்தாளர். மக்கார்தர் 1946 சனவரியில், பேரரசர்மேல் கைவைத்தால் பத்து இலட்சம் படைவீரர் தேவைப்படலாம் என்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். இவ்வாறு, ஆசிய அரசியலின் பெரிய முடிவொன்றின் பின்னணியில் இலக்கியம் இருந்தது. பல்கலைக் கழகம் வாயிலாக அது வரவில்லை. படைவீரர் ஒருவரின் இளமைக்காலப் படிப்பு வாயிலாக, யாரும் ஆராய்ந்து பாராத வழியில் வந்தது.

மூன்றாவதாக ஒருவரையும் இங்கே குறிக்க வேண்டும். ஹியூ போர்ட்டன் என்பவர் டோக்குகவா காலத்து உழவர் கிளர்ச்சிகளை ஜப்பானிய மூலங்களிலிருந்து ஆராய்ந்து 1938இல் வெளியிட்டவர். 1942 முதல் அமெரிக்க வெளிநாட்டுத் துறையில் அமர்ந்து, போருக்குப் பிந்திய ஜப்பானுக்கான திட்டங்களைக் குழுக்களில் வரைந்தவர். ஜப்பானிய ஆட்சிமுறைச் சீர்திருத்தம் பற்றி 1946 சனவரியில் மக்கார்தருக்கு அனுப்பப்பட்ட ஆவணத்தின் முன்வரைவுகளில் அவர் கை உண்டு. பெனடிக்டைப் போன்ற புகழ் அவருக்கு இல்லை. அவருடைய வரைவுகளைப் படித்து மகிழ்ந்தவர் யாரும் இரார். எனினும், வரி மிகுந்தபோது திரண்டு எழுந்து முறையிட்ட உழவரைப் பல ஆண்டு படித்த ஒருவர், அம்மக்கள் ஆணைக்குப் பணிவதன்றி வேறறியார் என்று எழுதியிருக்க மாட்டார். மக்களாட்சிக்கு அந்நாட்டில் வேர் உண்டா என்னும் வினாவிற்கு அவ்வாய்வே ஒரு விடை. வியப்பு யாதெனின், போர்ட்டனின் ஆய்வைப் பெனடிக்டும் படித்திருந்தார். மூன்றாம் இயலில் எடுத்தாள்கிறார். உழவர் கூற்று முறையானது என்று தீர்ப்பளித்த பின்னும், மேலிடத்தை மீறி முறையிட்ட தலைவன் கொல்லப்பட்டான் என்பதை அவர் வரிசைமுறைக்கு மக்கள் அளித்த மதிப்பிற்குச் சான்றாக்குகிறார். கொல்லப்படுவோம் என்று அறிந்தே முன்வந்த அத்தலைவனை அவர் பொருட்படுத்தவில்லை. அவனை ஊரார் கோயில் எடுத்து வழிபட்டனர் என்பதையும் கணக்கில் கொண்டால், அச்சான்று எதிர்த்திசையில் நடக்கும்.

பேரரசரைப் பதவியில் வைத்தது நன்றோ தீதோ என்பதை இலக்கிய ஆசிரியன் முடிவு செய்ய இயலாது. ஆட்சி மாற்றம் குருதி சிந்தாது நடந்தது, இது பெரிது. மறுபுறம், டோக்கியோவில் 1946 முதல் 1948 வரை நடந்த போர்க்குற்ற விசாரணையில் பேரரசர் குற்றவாளியாகவும் நிற்கவில்லை, சான்றாளராகவும் அழைக்கப்படவில்லை. போர்ப்பொறுப்பு பற்றிய வினா ஆசிய நாடுகளுக்கிடையே பின்னரும் ஆறாது நின்றது. பேரரசரை மக்கள் தீராக்கடனாகவே உணர்ந்தனர் என்னும் கொள்கை, அவ்வினாவை எழுப்பாமல் விட்டவர்க்கு வசதியாக இருந்தது. ஆசிரியர் அவ்வாறு கருதி எழுதவில்லை. ஆயினும், ‘பெரும்பாலும்’, ‘இக்காலத்தில்’, ‘இவ்வகுப்பாரிடையே’ என்னும் அடைகளை அவரே நூலில் விட்டுவிட்டபின், அவற்றை எடுத்துச்செல்லும் அரசு அதிகாரி மீண்டும் சேர்ப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஜப்பானிய அறிஞர் விடை கூறியது 1950இல். அந்நாட்டு மானிடவியல் ஆராய்ச்சி இதழ் ஒன்று இந்நூலுக்கெனத் தனி மலர் வெளியிட்டது. நாட்டார் வழக்காற்று அறிஞர் யனாகிட்டா குனியோ எழுதினார். மெய்யியல் அறிஞர் வட்சுஜி டெட்சுரோ, படையினர் சிலரின் கூற்றை ஜப்பானியர் அனைவர்மேலும் ஏற்றியுள்ளமையால் நூலுக்கு ஆய்வு மதிப்பே இல்லை என்று கடிந்தார். சட்டவியலார் கவாஷிமா டகேயோஷி, அயலார் ஒருவர் தொலைவிலிருந்தே இத்துணை கண்டாரே என்று பாராட்டி, காலமும் வகுப்பும் நோக்கப்படாமையைக் குறையாகச் சுட்டினார். மூலமொழி அறிந்தோர் சான்றுகளைத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து அதற்குள் மூன்றாண்டு ஆகியிருந்தது. பெனடிக்ட் 1948 செப்டம்பரில் காலமாகிவிட்டார்.